கூரை மேல் நின்ற கம்பி: டி.வி. சிக்னல் எங்கிருந்து வருகிறது? தெரிந்துகொள்வோம்!



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வங்கிக் கடன், காப்பீடு, ரத்தசோகை என்று எழுதுவோம். இந்த மாதம் டி.வி. ஆண்டெனா பற்றி எழுதுகிறோம். "இது எதுக்குங்க நம்ம குழுவுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் சேமிப்பிலிருந்து 15,000 ரூபாய் இந்தக் கம்பியில்தான் போனது. போகும்போது நாங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அதனால் இது உங்களுக்குப் பாடம் சொல்லும் கட்டுரை மட்டும் இல்லை. எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வதும்தான்.

என்ன நடந்தது?

2023-ஆம் ஆண்டு. சிறுமலைக்குக் கிழக்கே, நத்தம் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயரும் குழுப் பெயரும் வேண்டாம் என்று அந்தச் சகோதரிகள் கேட்டுக்கொண்டார்கள். மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். "டிஜிட்டல் ஆண்டெனா" என்று ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். "இதை மாட்டினா 200 சேனல் இலவசம். மாசா மாசம் கேபிளுக்குக் காசு கட்ட வேண்டாம். விலை 1,250 ரூபாய்தான்" என்றார்கள். செல்போனில் ஒரு வீடியோ ஓடியது. அதில் ஒருவர் சின்ன ஆண்டெனாவை ஜன்னலில் ஒட்டுகிறார். ரிமோட்டை அமுக்க அமுக்க ஒவ்வொரு சேனலாகப் பளிச்சென்று வருகிறது.

16 பேரில் 12 பேர் வாங்கினார்கள். அன்றே தீர்மானம் எழுதி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் உள்கடன் கொடுக்கப்பட்டது. 12 பேருக்கு 15,000 ரூபாய். தீர்மான நோட்டில் பார்வையாளர் என்று எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. எங்களிடம் ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார்: "நல்லதுதானுங்களா?" எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டோம்.

வீட்டுக்குப் போய் மாட்டினால் திரை முழுக்கப் புள்ளி. சில புது டி.வி.க்களில் புள்ளி கூட இல்லை, "சிக்னல் இல்லை" என்ற எழுத்து மட்டும். கம்பியைக் கிழக்கே திருப்பினார்கள், மேற்கே திருப்பினார்கள், மாடியில் ஏற்றினார்கள். ஒரு சேனல் கூட வரவில்லை. விற்றவர்களின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பில் இல்லை, முகவரி இல்லை.

அதில் ஒரு சகோதரி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆண்டெனா வந்துவிட்டதே என்று அந்த வாரமே கேபிள் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி இணைப்பு வாங்க மறுபடி காசு. இன்னொருவர் வீட்டில், "குழு குழுன்னு போய் இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?" என்று கணவர் கேட்டாராம். அவர் மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. 1,250 ரூபாய் நஷ்டத்தை விட அந்த மூன்று கூட்டம்தான் எங்களுக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

ஏன் நம்பினார்கள்?

"படிக்காத பொம்பளைங்க, ஏமாந்துட்டாங்க" என்று ஊரில் பேசினார்கள். அது சரியில்லை. அவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் சொன்னார்: "நான் கல்யாணமாகி வந்த ஊர் வேடசந்தூர் பக்கம். அங்க பண்ணையார் வீட்டு மாடியில இதே மாதிரி கம்பிதான் நின்னுச்சு. கொடைக்கானல் பக்கம் திருப்பி வெச்சிருப்பாங்க. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம். ஊரே அங்கதான் உட்கார்ந்திருக்கும். அப்ப வந்துச்சு, இப்ப ஏன் வராது?"

நியாயமான கேள்வி. தூர்தர்ஷனில் ராமாயணம் தொடர் ஓடியது 1987, 1988 ஆண்டுகளில். அன்று அந்தக் கம்பி உண்மையிலேயே வேலை செய்தது. யாருக்கும் மாதக் கட்டணமும் கிடையாது. கண்ணால் பார்த்த அனுபவத்தை வைத்துத்தான் நம் சகோதரிகள் நம்பினார்கள். நடுவில் என்ன மாறிப்போனது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சிக்னல் எப்படி வருகிறது?

திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலை உச்சி 2,668 அடி உயரம். அங்கே ஏற்றும் தீபம் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்குத் தெரிகிறது. அதே கொப்பரையைத் தரையில் வைத்து ஏற்றினால் அடுத்த தெருவுக்குக் கூடத் தெரியாது. தீபம் அதேதான், உயரம்தான் வேறு.

டி.வி. ஒளிபரப்புக் கோபுரமும் இப்படித்தான். கோபுரத்தின் உச்சியிலிருந்து அலைகள் நாலா பக்கமும் கிளம்புகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் மாதிரியே பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஓர் அளவுக்கு மேல் அது வளைந்து கீழே இறங்கிவிடும், அலை நேராக மேலே போய்விடும். அதனால் கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் சிக்னல் எட்டும்.

ஒரு கணக்கு சொல்கிறோம். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரம் என்றால் தரைமட்டத்தில் சுமார் 40 கிலோமீட்டர் வரை எட்டலாம். அதையே 2,000 மீட்டர் உயர மலை மேல் வைத்தால் சுமார் 180 கிலோமீட்டர் வரை பார்வை எட்டும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரம். அதனால்தான் அங்கே கோபுரம் வைத்தார்கள். இன்றைக்கும் கோடை எஃப்.எம். வானொலி 100.5-ல் பல மாவட்டங்களுக்குக் கேட்பது இந்த உயரத்தால்தான்.

உயரத்தோடு பலமும் வேண்டும். தூர்தர்ஷனின் பெரிய நிலையங்கள் 10 கிலோவாட் சக்தி கொண்டவையாக இருந்தன. சின்ன ஊர்களில் இருந்த சிறு நிலையங்களுக்கு 100 வாட், 500 வாட் அளவுதான். நம் வீட்டு குண்டு பல்பு கூட 100 வாட் உண்டு. அவ்வளவு சின்ன சக்திக்கு ஊரும் ஊரைச் சுற்றியும்தான் எட்டும்.

சிறுமலைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம். கொடைக்கானல் மேற்கே இருக்கிறது. நத்தம் கிழக்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது எது? சிறுமலை! 1,000 மீட்டருக்கு மேல் உயரமான மலை. மேற்கே வெயில் சாயும்போது மலை நிழல் நம் மேல் விழுகிறதில்லையா, அதேபோல சிக்னலுக்கும் நிழல் உண்டு. வேடசந்தூரில் பளிச்சென்று தெரிந்த படம் சிறுமலை அடிவாரத்தில் ஏன் மங்கலாகத் தெரிந்தது என்பதற்குக் காரணம் இதுதான்.

சில வீடுகளில் ஒரே ஆள் திரையில் இரண்டு ஆளாகத் தெரிவார், ஞாபகம் இருக்கிறதா? நேராக வந்த அலை ஒரு படம். மலையிலோ பெரிய கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வந்த அலை, கொஞ்சம் தாமதித்து, இன்னொரு படம். பேய் இல்லை, பிசாசு இல்லை!

பூஸ்டர் வாங்கி மாட்டியவர்களும் உண்டு. பூஸ்டர் என்பது தண்ணீர் மோட்டார் மாதிரி. கிணற்றில் தண்ணீர் இருந்தால் ஏற்றும். சிக்னலே இல்லாத இடத்தில் பூஸ்டர் வைத்தால் இரைச்சலைத்தான் ஏற்றிக் காட்டும்.

"டிஜிட்டல்" என்றால் என்ன?

இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பழைய முறைக்கு அனலாக் என்று பெயர். படத்தையும் ஒலியையும் ஏற்ற இறக்கமாக அலையில் ஏற்றி அனுப்புவார்கள். தூரம் கூடக் கூடப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். புள்ளி விழும், கோடு ஓடும். ஆனாலும் ஆள் யார் என்று தெரியும், பேச்சு கேட்கும்.

புது முறை டிஜிட்டல். படத்தையும் ஒலியையும் 0, 1 என்ற எண்களாக மாற்றி அனுப்புவார்கள். நம் வீட்டுப் பெட்டி அந்த எண்களைப் படித்து மறுபடி படமாக்கும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, லாபம். ஒரு சேனல் மட்டும் போன அதே அலைவரிசையில் பல சேனல்களை அனுப்பலாம்.

இரண்டு, கண்டிப்பு. எண்களைப் படிக்கிற அளவுக்குச் சிக்னல் இருந்தால் படம் சுத்தமாக வரும். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், நின்று நின்று வரும். இன்னும் குறைந்தால் ஒன்றுமே வராது. "மங்கலாவாவது தெரியட்டும்" என்ற பேச்சே டிஜிட்டலில் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். டிஜிட்டல் ஆவது கோபுரமும் நம் டி.வி.ப் பெட்டியும்தான், கம்பி அல்ல! ஆண்டெனா வெறும் உலோகம். அலையைப் பிடித்து வயரில் விடுவது மட்டும்தான் அதன் வேலை. அந்த அலை அனலாக்கா டிஜிட்டலா என்று கம்பிக்குத் தெரியாது. அலைக்குத் தகுந்தபடி குச்சியின் நீளம் மாறும், அவ்வளவுதான். ஆகவே அட்டைப் பெட்டியில் "டிஜிட்டல் ஆண்டெனா" என்று போட்டிருந்தால் அது விளம்பரப் பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கோபுரச் சிக்னல் என்ன ஆனது?

இந்தியாவில் டி.வி. ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. பிறகு நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் எழுந்தன. அதற்குப் பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது. மாடியில் கம்பி வைத்துப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். நம் மாநிலத்தில் 2006 முதல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது கூட, நிறைய வீடுகளில் பெட்டி வந்த கையோடு கேபிள் வயரைத்தான் இழுத்தார்கள்.

பார்ப்பவர்கள் குறைய, மின்சாரமும் பராமரிப்பும் வீண் செலவாயிற்று. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, பழைய அனலாக் ஒளிபரப்பை ஒவ்வொன்றாக நிறுத்தியது. முக்கியமான இடங்களில் உள்ள சுமார் 50 நிலையங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது.

கோபுரத்திலிருந்து டிஜிட்டல் முறையில் அனுப்புவதை 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தொடங்கியது. அதுவும் சில தூர்தர்ஷன் சேனல்கள் மட்டும்தான். அதைப் பார்க்க அதற்கென்று வசதி உள்ள டி.வி.யோ பாக்ஸோ வேண்டும். நகரத்தை விட்டு எட்டி இருக்கும் நம் ஊர்களுக்கு அது வரவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் தரைக் கோபுரத்திலிருந்து டி.வி. ஒளிபரப்ப தூர்தர்ஷனுக்கு மட்டுமே அனுமதி. தனியார் சேனல்களுக்கு அந்த அனுமதி கிடையாது. ஆகவே சீரியல் ஓடும் தனியார் சேனல்கள் எந்தக் காலத்திலும் இங்கே கம்பி வழியாக வந்ததில்லை. "ஆண்டெனாவில் 200 சேனல்" என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே தெரிந்துவிடும், சரக்கு சரியில்லை என்று!

அப்போ அந்த வீடியோ பொய்யா?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு விசாரித்துப் பார்த்தால், வீடியோ உண்மைதான், ஊர்தான் வேறு. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. பிரிட்டனில் 2012 அக்டோபரில் மாற்றம் முடிந்தது. அந்த நாடுகளில் தனியார் சேனல்களும் கோபுரத்திலிருந்தே ஒளிபரப்பாகின்றன. நகரத்துப் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலில் ஒரு ஆண்டெனாவை ஒட்டி, பல சேனல்களை இலவசமாகவே பார்க்கிறார்கள். அந்த வீடியோவைத்தான் நம் கூட்டத்தில் காட்டினார்கள்.

இதைக் கேட்டதும் அந்த மூத்த உறுப்பினர் சொன்னார்: "அப்ப கம்பி மேல தப்பு இல்ல. எதுக்க விளக்கு ஏத்த ஆள் இல்ல." நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. டி.டி. ஃப்ரீ டிஷ் என்று பெயர். இதுவும் பிரசார் பாரதி நடத்துவதுதான். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இங்கே கோபுரம் வேறு எங்கோ இல்லை, வானத்தில் இருக்கிறது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வருகிறது.

நம் மாவட்டத்திலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கு வானத்தில், நல்ல உயரத்தில், தலை உச்சிக்கு முக்கால் பங்கு ஏறிய நிலையில் இருக்கிறது. அதனால் சிறுமலை இதை மறைக்காது! மேற்கே மலை இருந்தால் என்ன, சிக்னல் மேலிருந்துதானே இறங்குகிறது. ஆனால் குடைக்கு நேர் எதிரே தென்னை ஓலையோ வேப்பங்கிளையோ இருந்தால் மறைக்கும்.

இதன் நல்லதையும் குறையையும் சேர்த்தே சொல்கிறோம்.

1. குடை, பாக்ஸ், வயர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒரே ஒரு முறை சுமார் 2,000 ரூபாய் செலவாகும். அதன் பிறகு மாதச் சந்தா கிடையாது. ரீசார்ஜ் பண்ணச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. டி.டி. தமிழ் வரும். முன்பு பொதிகை என்று பார்த்தோமே, அதற்கு 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாற்றினார்கள். செய்தி, விவசாயம், கல்விச் சேனல்கள், பிற மொழிச் சேனல்கள் நிறைய உண்டு.

3. கட்டணச் சேனல்கள் வராது. வீட்டில் எல்லோரும் விரும்பிப் பார்க்கும் சீரியல் கட்டணச் சேனலில் ஓடுகிறது என்றால் அதற்கு இது உதவாது. இதை வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

4. கனத்த மழையில் கொஞ்ச நேரம் படம் நிற்கும். மழை விட்டதும் தானாக வரும். உடனே ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம்.

5. இலவசமாக வந்த பழைய டி.வி.யிலும் பார்க்கலாம். பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வயர் சொருகும் ஓட்டைகள் உள்ளனவா என்று பாருங்கள். பாக்ஸிலும் அதே ஓட்டைகள் இருக்க வேண்டும். புது டி.வி. என்றால் எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான சொருகி.

உங்கள் வீட்டுக்கு எது சரி? கணக்குப் போடுங்கள். கேபிளுக்கு மாதம் 200 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,400. ஃப்ரீ டிஷ் 2,000 ரூபாய் என்றால் பத்து மாதத்தில் சரியாகிவிடும். ஆனால் மூன்றாவது மாதமே "சீரியல் வரலை" என்று மறுபடி கேபிள் போட்டால் இரட்டைச் செலவு. லாபமா நஷ்டமா என்பது நீங்கள் பார்க்கும் சேனலைப் பொறுத்தது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

டி.வி. சாமான் மட்டும் இல்லை, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், அடுப்பு, சோலார் விளக்கு என்று எதை விற்க வந்தாலும் இவை உதவும்.

1. இது எங்கிருந்து வேலை செய்யுது? டி.வி. என்றால், சிக்னல் எந்தக் கோபுரத்திலிருந்து, எந்தச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். "காத்துல வருதுங்க" என்று பதில் வந்தால் அனுப்பிவிடுங்கள்.

2. எங்க வீட்டுல, எங்க டி.வி.யில போட்டுக் காட்டுவீங்களா? செல்போன் வீடியோவில் அல்ல.

3. மூணு நாள் ஓட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுக்கலாமா?

4. பில் எங்கே? கடைப் பெயர், முகவரி, தேதி, விலை, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

5. வேலை செய்யலைன்னா யார்கிட்ட வரணும்? ஊரும் தெருவும் சொல்லட்டும்.

பில் இருந்தால் நமக்குப் பலம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரை பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. நத்தம் பக்கத்துக் குழுவால் இதைச் செய்ய முடியவில்லை. புகாரில் யார் பெயரை எழுதுவது? கையில் இருந்தது ஒரு அட்டைப் பெட்டியும் அணைந்துபோன போன் நம்பரும்தான்.

பழைய கம்பத்தைக் கழற்றும்போது கவனம்!

நிறைய வீடுகளில் பழைய ஆண்டெனாக் கம்பம் இன்னும் துருப்பிடித்து நிற்கிறது. அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம். கரண்ட் கம்பி பக்கத்தில் போகிறதா என்று முதலில் பாருங்கள். காற்றில் கம்பம் சாய்ந்து கரண்ட் கம்பியில் பட்டால், ஈரத்துணியைத் தொடுகிறவர் உயிர் போகும். கழற்றும்போதும் அதே ஆபத்துதான். நீளமான இரும்புக் குழாயை ஒரே ஆள் தூக்கக் கூடாது. மின் வயர் அருகில் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை அணைத்த பிறகே கழற்ற வேண்டும். மழையிலும் இடி மின்னலிலும் மாடிக்கு ஏறவே வேண்டாம். ஃப்ரீ டிஷ் குடை மாட்டவும் இது பொருந்தும்.

ஒரு சின்ன ரேடியோ இருக்கட்டும்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. உள்நாட்டில் இருக்கும் நம் மாவட்டத்திலும் மரங்கள் விழுந்தன. கரண்ட் போனால் டி.வி. இல்லை, கேபிளும் இல்லை. சார்ஜ் தீர்ந்தால் செல்போனும் இல்லை. அந்த நேரத்தில் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோதான் வெளி உலகத்தைச் சொல்லும். மலை மேல் உள்ள கோபுரத்திலிருந்து வரும் எஃப்.எம். சிக்னலுக்கு நம் ஊரில் வயர் தேவையில்லை, மாதச் சந்தா தேவையில்லை. ஊருக்கு நாலு வீட்டிலாவது ஒரு ரேடியோவும் இரண்டு பேட்டரியும் இருக்கட்டும். சிறுமலை மறைக்கும் ஊர் என்றால், வாங்கும் முன் பக்கத்து வீட்டு ரேடியோவில் எந்த நிலையம் தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழு இப்போது எப்படி இருக்கிறது?

12 பேரும் மாதம் 125 ரூபாய் அசலும் வட்டியுமாகப் பத்து மாதத்தில் கட்டி முடித்துவிட்டார்கள். வட்டியோடு ஆளுக்கு 1,300 ரூபாய்க்கு மேல். வராத கம்பிக்குத் தவணை கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். ஒருவர் கூடத் தவணை தவறவில்லை. கூட்டத்துக்கு வராமல் இருந்த சகோதரியை ஊக்குநரும் பிரதிநிதியும் வீட்டுக்கே போய்ப் பேசி அழைத்து வந்தார்கள். அவர் கணவரிடம், "தப்பு அவ மேல இல்லண்ணே, எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்" என்று சொன்னார்களாம்.

மூன்று வீட்டில் பிறகு ஃப்ரீ டிஷ் போட்டார்கள். இந்த முறை திண்டுக்கல் கடையில் பில்லோடு வாங்கி, படம் வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தார்கள். அதில் இரண்டு வீட்டில் திருப்தி. மூன்றாவது வீட்டில் சீரியல் இல்லை என்று இன்னும் சண்டை நடக்கிறது!

குழுவின் தீர்மான நோட்டில் இப்போது ஒரு புது விதி இருக்கிறது: "கூட்டத்துக்கு வந்து பொருள் விற்பவர்களிடம் அன்றே வாங்குவதில்லை. அன்றே அதற்குக் கடன் கொடுப்பதில்லை. அடுத்த கூட்டத்தில்தான் முடிவு." நாங்களும் எங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். தெரியாததை யாராவது கேட்டால், "தெரியாது, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை பொறுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்வது.

சகோதரிகளே, அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். உங்கள் ஊர் எந்த மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வீட்டில் பழைய கம்பம் கரண்ட் லைனுக்குப் பக்கத்தில் நிற்கிறது, யார் வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புது விதி உங்கள் குழுவுக்கும் பிடித்திருந்தால் தீர்மானமாக எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். உங்கள் ஊரிலும் இப்படி யாராவது விற்க வந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு குழு பட்டதை இன்னொரு குழு படாமல் இருக்கத்தானே நாம் கூட்டமைப்பாகச் சேர்ந்திருக்கிறோம்.